பலகையில் முதலில் உட்கார்ந்த குடம்

யுத்த காலத்தில் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்களுக்கு முன் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் அங்கே இருந்ததால், கழிப்பறையில் பீங்கான் கம்மோடு இருந்தது. உட்காரும் பலகை வெடித்துப் போயிருந்ததால் நாங்கள் அதைத் தொடுவதே இல்லை.

முழங்கால் மடக்க முடியாத என் மாமியார் திண்டிவனத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தார். என் கணவர் பட்டணத்தில் அலைந்து திரிந்து புதுப் பலகை வாங்கி வந்தார். பீங்கானில் ஓட்டைகள் நெருக்கமாக இருந்தன. பலகையின் போல்ட்டுகளோ தள்ளித் தள்ளி இருந்தன. ஒரு போல்ட்டுதான் இறங்கியது. மறுபக்கத்தைச் சணல் கயிற்றால் கட்டினார்.

"ஆடுதுங்களே?" என்றேன்.

"அம்மா இன்னா அதும்மேல குதிக்கவா போவுது? சும்மா இரு."

கையால் அழுத்திப் பார்த்தோமே தவிர, உட்கார்ந்து பார்க்க இருவருக்கும் கூச்சம்.

மறுநாள் காலை மாமியாருக்காகத் தண்ணீர் கொண்டுபோனேன். யாரும் உட்காராத புதுப் பலகை, நடுவில் வட்ட ஓட்டை. குடம் வைக்கும் பிரிமணை மாதிரியே இருந்ததால் குடத்தை அதன்மேல் வைத்துவிட்டேன். கயிறு அறுந்தது. பலகை சுழன்று, பித்தளைக் குடம் தரையில் மோதி நசுங்கியது.

வாசலில் மாமியார் கோலை ஊன்றி நின்றிருந்தார்.

"குடந்தான போச்சு, உடு. நான் வுழுந்திருந்தா யார் தூக்கறது?" என்று சிரித்தார்.

அன்றே கணவர் பழைய பலகையை அளவு வைத்து, புதியதில் வேறு ஓட்டை போட்டு இரண்டு போல்ட்டையும் முடுக்கினார். அப்போதும் மாமியார் உட்காரவில்லை. "மொதல்ல குடத்த வைடி" என்றார்.

இன்றும் எங்கள் வீட்டுக்கு நாற்காலி வந்தாலும் ஊஞ்சல் வந்தாலும், முதலில் உட்காருவது அந்த நசுங்கின குடம்தான்.