பல்லிக்கும் ஆடி உண்டு

என் அறையில் ஒரு பல்லி இருக்கிறது என்று சொன்னால் திருக்கழுக்குன்றத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். யார் வீட்டில் இல்லை? என்னுடையது கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது, வேளைக்குச் சாப்பாடு போடுகிறேன், எடை பார்க்கிறேன் என்று சொல்லும்போதுதான் எதிரில் இருப்பவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

சிறுத்தைப் பல்லி என்பார்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். சுவரில் ஏறத் தெரியாது. கண்ணுக்கு இமை உண்டு, மூடிக்கொண்டு தூங்கும். கொழுப்பையெல்லாம் வாலில் சேர்த்து வைக்கும். வால் தடித்திருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். என்னோடு ஹாஸ்டலில் இருந்தவன் வேலைக்கு வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனான். பெண். வெளிநாட்டுப் பிராணி என்பதால் அரசாங்க இணையதளத்தில் பதிவு செய்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். நிரப்ப வேண்டியதை நிரப்பாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இந்தப் பல்லிக்கு ஒரு ஜோடி சேர்க்கலாம் என்ற யோசனை என்னுடையது அல்ல. மாமல்லபுரம் போகும் வழியில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் என் பள்ளி நண்பனுடையது. அவனிடம் ஓர் ஆண் இருந்தது.

"மச்சான், எங்கிட்ட பையன் கீறான். உங்கிட்ட பொண்ணு கீது. அப்பறம் இன்னா யோசிச்சுகினு கீற?"

யோசிக்க நிறைய இருந்தது. முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உடம்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டுச் சில பெண் பல்லிகள் எழுந்திருக்காமலே போய்விடும். முட்டை வயிற்றிலேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்படி ஏதாவது ஆனால் யாரிடம் காட்டுவது? செங்கல்பட்டில் ஒரு கால்நடை மருந்தகத்துக்கு போன் செய்து பல்லிக்கு வைத்தியம் பார்ப்பீர்களா என்று கேட்டேன். எடுத்தவர் பதறிப்போனார். "சாப்பாட்டுல வுழுந்துச்சா? இன்னும் இன்னா போன் பண்ணிகினு கீற, ஜி.எச்.சுக்கு ஓடு!"

எனக்கு அவள் போய்விடுவாளோ என்று பயம். அதே சமயம், கட்டைவிரல் அளவுக் குட்டி ஒன்று முட்டையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு ஆசையும் வந்திருந்தது. கடைசியில் நண்பன் ஓட்டை போட்ட ஐஸ்க்ரீம் டப்பாவில் பையனைப் போட்டு என் பைக்கில் மாட்டிவிட்டான். சும்மா பக்கத்தில் வைத்துப் பழக்கலாம், முடிவை அப்புறம் எடுக்கலாம் என்று நானும் கொண்டுவந்தேன்.

காலண்டரைப் பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. ஆடி பிறந்திருந்தது.

என் தங்கைக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. புது ஜோடி ஆடியில் சேர்ந்திருக்கக் கூடாது, சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று அம்மா போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தங்கை கருங்குழியிலிருக்கும் புருஷனோடு நாள் முழுக்க போனில் பேசுவதும், பேசாத நேரத்தில் எங்கள் எல்லாரிடமும் எரிந்து விழுவதுமாக இருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் ஐஸ்க்ரீம் டப்பா வீட்டுக்குள் நுழைந்தது.

"இன்னாண்ணா, ஐஸ்க்ரீமா?"

"ஆண் பல்லி."

"எதுக்கு?"

எனக்குக் கேட்டதற்கு விளக்கமாகப் பதில் சொல்லித்தான் பழக்கம். சொன்னேன். தங்கை கேட்டு முடித்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"எம்மோவ்! இங்க வந்து உம்புள்ள பண்ற நாயத்தப் பாரு! எனக்கு ஆடியாம், அவன் பல்லிக்கு ஹனிமூனாம்!"

அம்மா கூழ் கரைத்த கையோடு வந்தாள். டப்பாவை எட்டிப் பார்த்தாள். "இன்னாடா இது, ஆடியும் அதுவுமா?"

"அம்மா, பல்லிக்கு அந்தக் கணக்கு வராது. இப்போ சேர்ந்தா ஆவணியில முட்டை. ஐப்பசியில குட்டி."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "ஐப்பசின்னா மழ. சித்திர இல்லியே. அப்ப தப்பில்லதான்."

"ஓகோ! பல்லின்னா லா பாய்ண்ட் பேசுவியா? அப்ப என்னயும் கொண்டுபோய் வுடு!"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தங்கையைப் பார்த்தாள். தீர்ப்பு வந்தது. "இந்த வூட்ல ஆடி முடியற வரிக்கும் யாரும் யாரோடயும் சேரக் கூடாது. மனுசனோ, பல்லியோ. அவ்ளோதான்."

ஆக, பையன் ஒரு தொட்டியில், பெண் பல்லி ஒரு தொட்டியில். நடுவில் நான் அட்டை வைத்து மறைத்தேன். அம்மாவுக்கு அது போதவில்லை. பையனின் தொட்டியை வாசல் அறைக்கு மாற்றினாள். ஆனாலும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"ரெண்டும் ஒரே வூட்டுதா?"

"இல்லம்மா, வேற வேற இடம்."

"அதான பாத்தேன். கொணம் எப்டி?"

"சாப்பிடும். தூங்கும்."

"ஒங்க அப்பாவாட்டம்" என்றாள் அம்மா, சரக்கு ஏற்றுவதற்காக வாசலில் குட்டியானை வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்கும்படி.

ஆடி வெள்ளிகளில் வீட்டில் கவிச்சி கிடையாது. பல்லிக்குப் போடும் புழு கவிச்சியா என்று அம்மாவிடம் கேட்டேன். புழு டப்பாவை எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டாள். பெரிய பல்லிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டாலே போதும் என்பதால் இரண்டும் அம்மனுக்கு விரதம் இருந்தன.

ஒரு சாயங்காலம், முட்டையை எந்தச் சூட்டில் வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் குட்டி ஆணா பெண்ணா என்பது அமையும் என்று பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா மிரண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். "மெதுவா பேசுடா. ஆணா பொண்ணான்னு முன்னாடியே பாத்தா ஜெயிலுன்னு ஆஸ்பத்திரில போர்டே மாட்டிகீறாங்க. படிச்சவந்தான நீ?"

இதற்கிடையே, குட்டி பொரித்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள் என்று நண்பன் சில நம்பர்களைக் கொடுத்திருந்தான். முன்கூட்டியே விசாரிப்பது நல்லது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதல் ஆள், ஹாலில் சுவரில் விட்டால் நல்ல சேதிக்கு உச்சுக்கொட்டுமா என்று கேட்டார். சுவரில் ஏறாது என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. இரண்டாவது ஆள் நெம்மேலிக்காரர். கரப்பான்பூச்சியைத் தின்னும் என்றதும், "அப்ப சமையல் ரூம்புக்கு ஒரு அஞ்சாறு குடு அண்ணாத்த" என்றார். மூன்றாவதாகக் கூப்பிட்டவருக்கு அது பல்லி என்றே தெரியாது. போட்டோவைப் பார்த்துவிட்டு முதலைக் குட்டி என்று நினைத்திருந்தார். வளருமா என்று கேட்டார். வளராது என்றேன். அப்ப வேணாம் என்றார்.

நான் எடை பார்ப்பதை மட்டும் விடவில்லை. தொட்டியிலிருந்து அவளை எடுத்துச் சின்னத் தராசில் வைப்பேன். ஒருநாள் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குண்ணா இத்த தெனம் தூக்கி வெச்சு பாத்துகினு கீற?"

"உடம்பு தாங்குமான்னு தெரியணும்ல. வயசு பத்தணும். வால் தடிக்கணும். சத்து சேரணும். இதெல்லாம் சரியா இருந்தாத்தான் சேக்கறதப் பத்தியே யோசிக்கணும்."

தங்கை தராசின் பக்கம் குனிந்தாள். "எங்க மாமியா வூட்ல மூணு பேரு இன்னா விசேஷம், இன்னா விசேஷம்னு கேட்டுட்டாங்க. வால் தடிச்சிகீதான்னு ஒருத்தரும் கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேருமே நிறுத்திக்கொண்டோம். வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. ராத்திரி தங்கையின் தட்டில் மட்டும் கீரை மலைபோல் இருந்தது.

ஆடி முடியும்போது, சொல்லிவைத்தாற்போல் எடையும் வந்துவிட்டது. வால் நன்றாகத் தடித்திருந்தது. இனி எனக்குச் சாக்கு எதுவும் இல்லை. நண்பனுக்கு வீடியோ கால் போட்டுவிட்டு இரண்டு தொட்டிகளையும் பக்கத்தில் வைத்து, நடுவே மறைத்த அட்டையை எடுத்தேன். தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

பையன் பெண் பல்லியைப் பார்த்ததும் வால் நுனியை நடுக்கி நடுக்கி ஆட்டினான். அவள் நான்கு காலிலும் எழும்பி நின்றாள். வாலை உயர்த்தினாள். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு சீறல் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கண்ணாடியில் முட்டிவிட்டுத் ஒளிந்துகொள்ள நான் வைத்திருந்த மண்சட்டிக்குள் ஓடிப்போனாள். அரைமணி நேரம் கழித்துத் திரும்பவும் காட்டினேன். திரும்பவும் அதேதான்.

போனில் நண்பன் சிரித்தான். "மொதல்ல அப்டித்தான் மச்சான் சிலுத்துக்கும். பையனத் தூக்கி அவ தொட்டில வுடு. தானா சரியாவும்."

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை போனைப் பிடுங்கினாள். "இன்னாத்துக்குத் தானா சரியாவும்? அது வேணாங்குது, கண்ணு தெரில உனக்கு? வேணான்னா வேணாந்தான்! போன வையி!"

அவனுக்கு முன்னால் அவளே வைத்துவிட்டாள். நான் அட்டையைத் திரும்ப வைத்தேன். மருத்துவர் இல்லை, குட்டிகளுக்கு ஒழுங்கான வீடு இல்லை, பல்லிக்கும் இஷ்டமில்லை. முதல் இரண்டையும் வைத்து நான் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருப்பேன். மூன்றாவதைப் பார்த்த பிறகு தள்ளிப்போட ஒன்றுமில்லை. வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா பையனின் தொட்டியை எட்டிப் பார்த்தாள். "பாவம்டா, ஒரு மாசம் நம்ம வூட்ல குந்திகினு இருந்தான். வெறுங்கையோட அனுப்பறதா?"

மறுநாள் காலை ஐஸ்க்ரீம் டப்பாவோடு ஒரு மஞ்சள் பையும் என் பைக்கில் தொங்கியது. கடையில் மீன் தொட்டிகளுக்கு நடுவே நண்பன் பையைப் பிரித்தான். புதுத் துண்டு ஒன்று, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், டப்பா நிறையப் புழு.

"இன்னா மச்சான் இது?"

"மாப்பிள்ளைக்குச் சீர். அம்மா குடுத்தாங்க."

"பொண்ணு கெடையாது, சீரு மட்டுமா? நல்ல குடும்பம்டா உங்களுது" என்று ஒரு வாழைப்பழத்தை உரித்தான்.

பல்லிக்கு அந்தத் துண்டு ரொம்பப் பெரியது. அதையாவது வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று பையனின் டப்பாவைத் திறந்துவைத்துவிட்டுக் கை நீட்டினேன். அதற்குள் பையன் துண்டின் மடிப்புக்குள் புகுந்து, வாலை மட்டும் வெளியே விட்டுப் படுத்துக்கொண்டான். இழுக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.