ஞாயிற்றுக்கிழமை திறந்த சொல்யூஷன்

கப்பல் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பெட்ரோல் தீர்ந்துபோய், தொங்காத் தீவுகளில் உள்ள பங்காய் ஊரின் கார்கள் கறிப்பலா மரங்களின் கீழே இலை மூடிக் கிடந்தன. ஊரே சைக்கிளில் ஏறியது. சாலையில் சிதறிக் கிடக்கும் பவளக்கல் சில்லுகள் ஒவ்வொரு டயராகக் குத்தின. பன்னிரண்டு சைக்கிள்கள் கலோலைனேயின் கொட்டகையில் காற்றிழந்து சாய்ந்திருந்தன. அவளிடம் மிச்சமிருந்ததோ பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ஒரே ஒரு ட்யூப், மூடி திறக்காதது. இந்தக் கடற்காற்றில் திறந்தால் மறுநாளே கல்லாகிவிடும். திங்கட்கிழமை திறந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒட்டிவிடுவதென்று வைத்திருந்தாள்.

பதினோரு வருடத்துக்கு முன் அவள் கணவன் பழம் பறிக்க நியூசிலாந்து போனான். திரும்பவில்லை. அவன் விட்டுப்போன சைக்கிளும் பஞ்சர்தான். பெண்ணுக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்டு யாரும் ஒட்டித் தரவில்லை. இரண்டு கரண்டிக் காம்பை வைத்து டயரைத் தானே நெம்பினாள். முதல் ட்யூப் கிழிந்தது, மூன்றாவதில் ஒட்டு நின்றது. அப்படிக் கேட்டவர்களின் சைக்கிள்கள்தான் இன்று அவள் கொட்டகையில் வரிசையில் நின்றன.

ஞாயிறு காலை, கிறிஸ்தவக் கோயிலில் பாட்டு உச்சத்தில் இருந்தபோது நர்ஸ் ஹெய்லாலா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். காற்றுள்ள சைக்கிள் என்று ஊரில் மிஞ்சியிருந்ததே அதுதான், இப்போது அதுவும் பஞ்சர்.

"அக்கா, பாலத்துக்கு அந்தப் பக்கம், ஃபலெலோவாவில லோசே, ஆறு வயசுப் பொண்ணு. மூச்சு வாங்க முடியல. மருந்து என் பையில இருக்கு. நடந்தா மூணு மணி நேரம் ஆகும்."

ஞாயிற்றுக்கிழமை தொங்காவில் யாரும் கடை திறப்பதில்லை, மண் கொத்துவதில்லை, சுத்தியல் எடுப்பதில்லை. சட்டமே அப்படி. கலோலைனே ஒரு கணம் கோயில் வாசலைப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்துக்காகச் சைக்கிளை நடுவாசலில் கவிழ்த்தாள்.

ட்யூபைத் தண்ணீர்ப் பேசினில் அழுத்தினாள். ஊசிமுனைக் குமிழிகள் வந்தன. துடைத்தாள், உப்புத்தாளால் தேய்த்தாள், சொல்யூஷனின் மூடியைத் திருகித் தடவினாள்.

"ஒட்டுங்கக்கா, சீக்கிரம்."

"ஈரத்துல ஒட்டினா பாலத்து மேல பிச்சுக்கும். காயட்டும், அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிடத்துக்குள் கோயில் விட்டது. இடுப்பில் சுற்றிய ஓலைப் பாய் சரசரக்கச் சபை மேற்பார்வையாளர் ஃபெலேதி வந்து நின்றார்.

"இன்னைக்கு என்ன நாளு, கலோலைனே?"

"ஒரு புள்ள மூச்சுக்குத் தவிக்கிற நாளுங்க ஐயா."

"வேலை செய்யக் கூடாத நாளு."

"விடியக்காலையில உங்க வீட்டுல குழி தோண்டி, கல்லைச் சுட்டு, உமு அடுப்பு மூட்டினீங்களே. புகை என் வாசல் வரைக்கும் வந்துச்சு. அது வேலை இல்லையா?"

"அது சாப்பாடு."

"வயித்துக்குத் தோண்டலாம், மூச்சுக்கு ஒட்டக் கூடாதா? வேதத்துல எந்தப் பக்கத்துல எழுதியிருக்குன்னு காட்டுங்க, நிறுத்திடறேன்."

கூட்டத்தில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். அதற்குள் சொல்யூஷன் காய்ந்துவிட்டது. பழைய ட்யூபிலிருந்து வெட்டிய துண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள், டயருக்குள் சிக்கியிருந்த சில்லைப் பிடுங்கி எறிந்தாள், காற்றடித்தாள். ஹெய்லாலா ஏறிப் பறந்தாள்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஃபெலேதியும் போகவில்லை, படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கலோலைனே தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றேகால் மணி நேரம் கழித்து அவள் ஃபோன் அடித்தது.

"அக்கா, மருந்து உள்ள போயிடுச்சு. மூச்சு சீராயிடுச்சு. இப்பத் தேங்காப்பால் கஞ்சி கேக்குறா."

வாசல் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது. "கடவுளுக்கு நன்றி," என்றார் ஃபெலேதி.

"ஒட்டுக்கும் சொல்லலாம்," என்றாள் கலோலைனே. பிறகு கொட்டகையைக் காட்டினாள். "சொல்யூஷனைத் திறந்தாச்சு, நாளைக்குக் கல்லு. இருக்கிறதையெல்லாம் இன்னைக்கே ஒட்டிடறேன். யாருக்காவது வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள். "நான் எதையும் பாக்கல," என்றாள் ஒருத்தி. "சிவப்பு சைக்கிள் என்னோடது."

"உங்களோடதுங்க ஐயா?"

ஃபெலேதி எழுந்து பாயைச் சரிசெய்தார். "இன்னைக்கு என் சைக்கிளைத் தொடாதே."

அவள் தொடவில்லை.

திங்கள் காலை பங்காய் சாலையில் பதினோரு சைக்கிள் மணிகள் கிணுகிணுத்தன. ஃபெலேதி ஓரமாக நடந்து வந்து அவள் வாசலில் நின்றார்.

"துளிகூட மிச்சமில்லையா?"

அவள் சொல்யூஷன் ட்யூபை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கல்லாகியிருந்தது.

"கப்பல் எப்ப வருமாம்?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமைங்கிறாங்க. அதுவரைக்கும் நடங்க ஐயா, உடம்புக்கு நல்லது."

அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.