மகளின் ஈரல், அவர் உடலில்

"புது ஈரலில் ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது" என்று மருத்துவர் வந்து சொன்னபோது, வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதேன். ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்தேன். இதே போன்ற வராந்தாவில் நிற்பவர்களுக்குச் சொல்கிறேன்: என் பயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

என் கணவருக்கு வங்காளத்தில், கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை. குடிப்பழக்கம் கிடையாது. கண் மஞ்சளானபோது சாதாரணக் காமாலை என்றிருந்தோம். சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குதல்) என்றார்கள். தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவள் எங்கள் மகள் நிவேதா.

அறுவை முடிந்த மறுநாள் அவருடைய ஈரல் நொதிகள் (ஈரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசிபவை) தாறுமாறாக ஏறின. மருத்துவர் வங்காள மொழியில் நிதானமாக விளக்கினார்.

"வெளியே எடுத்த ஈரலுக்குக் கொஞ்ச நேரம் ரத்தம் இருக்காது. மறுபடி ரத்தம் பாயும்போது, அதற்குள் இருக்கும் காவல் செல்கள் ஆபத்து என்று மற்றவற்றைக் கூப்பிடும். வெள்ளணுக்கள் வந்து குவிந்து நல்ல செல்களையும் தாக்கும். இது உடல் ஈரலை ஏற்க மறுப்பதல்ல."

"நிறுத்த மருந்து இல்லையா, டாக்டர்பாபு?"

"இதை நிறுத்தவென்று தனி மருந்து இல்லை. ஈரல் தேறும்வரை உடம்பைத் தாங்கிப் பிடிப்போம். பெரும்பாலும் தேறிவிடும்."

'பெரும்பாலும்' என்ற சொல்லோடு மகளின் வார்டுக்குப் போனேன். செவிலியர்கள் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"அம்மா, நான் குடுத்தது கராப்பா?" கெட்டுப்போனதா என்று கேட்கிறாள். பயந்தால் அவளுக்கு வங்காளம்தான் முந்திக்கொண்டு வரும்.

"இல்லடி கண்ணு. நின்ன ரத்தம் திரும்பி வந்தா இப்படி ஆகுமாம். உன் லிவர் மேல ஒரு குத்தமும் இல்ல."

"அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

போர்வையைச் சரிசெய்தேன். அவர் போய்விட்டால் இவள் ஆயுள் முழுக்கத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாளே என்பதுதான் என் பயம்.

கண்ணாடிக்கு அப்பால் அவர் முகம் வீங்கிக் கிடந்தது. நொதிகள் இன்னும் ஏறின. பிறகு ஒரு காலையில், "இறங்குகிறது" என்றார் மருத்துவர். நான் நம்பவில்லை. அடுத்த பரிசோதனையிலும் இறங்கிய பிறகே மகளிடம் சொன்னேன்.

இப்போது பாலிகஞ்ச் வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் ஈரல் மறுபடி ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆனாலும் பூஜை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் எடுக்கலாமா என்றால், "அடுத்த ரிப்போர்ட் வரட்டும்" என்கிறார் கணவர். அதைத் தாண்டி எங்களுக்கு நாட்கள் தெரிவதில்லை.

அவருக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும், 'நான் குடுத்தது கராப்பா' என்று மறுபடி கேட்டுவிடுவாளோ என்று, என் கை முதலில் மகளின் நெற்றியை வருடத்தான் போகிறது.