பத்தடிக் குதிரைச் சவாரி

மலைக்குப் போய்ப் பைன் காட்டோரம் கூடாரத்தில் தங்குவது, காலையில் குதிரையேறிக் காட்டுக்குள் போவது என்று எல்லா ஏற்பாடும் என் மகளுடையது. வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு இப்படிப்பட்ட யோசனைகள் வருகின்றன. "குதிரையாவது கழுதையாவது" என்று முறுக்கிக்கொண்டேனே தவிர, கிளம்பும்வரை எனக்கு அந்தக் குதிரையைத் தவிர வேறு நினைப்பில்லை. திருவொற்றியூரிலிருந்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன் நான். ஓட்டுகிறவன் என்பது பேச்சுக்கு. முன்னால் நிற்கும் வண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகம். தானாக நடக்கிற ஒன்றின் மேல் ஒரு தடவையாவது உட்கார்ந்து போக வேண்டும் என்று ஆசை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

கூடாரத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. மூன்று பேர் படுக்கலாம் என்றார்கள். எந்த ஊர் மூன்று பேர் என்று தெரியவில்லை. என் கால் இரண்டும் வெளியே. உதிர்ந்து கிடந்த பைன் இலை ஊசி ஊசியாகப் பாயைத் தாண்டி முதுகில் குத்தியது. விடிந்ததும் டீ கேட்டால், "நாமளே அடுப்பு மூட்டணும் நைனா, அதான் கேம்பிங்" என்றாள் மகள். கொருக்குப்பேட்டை வீட்டில் கேஸ் அடுப்பைப் பூட்டி வைத்துவிட்டு இங்கே ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் புகை, டீயிலும் புகை.

வனத்துறை வாசலில் சீட்டு வாங்க ஒரு வரிசை. குதிரைக்கு இன்னொரு வரிசை. வரிசையிலிருந்து தப்பிக்கத்தானே ஐயா மலையேறி வந்தேன்!

எங்கள் முறை வந்தது. குதிரைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் மப்ளர். என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடை எவ்வளவு சார் இருப்பீங்க?"

"எம்பது."

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "நூத்திப் பத்து கீது. இன்னாத்துக்குய்யா பொய் சொல்ற?"

"தாங்காது சார். தப்பா நினைக்காதீங்க" என்றார் அவர். மனைவி வேறொரு குதிரையில் ஏறி, திரும்பிக்கூடப் பார்க்காமல் மரங்களுக்குள் போய்விட்டாள். நான் வம்பு செய்வேன் என்று தெரிந்து மகள் மட்டும் என் பக்கத்திலேயே நின்றாள்.

நானும் அவள் எதிர்பார்ப்பை ஏமாற்றவில்லை. "சவாரி வேணாண்ணே. அந்த மரம் வரிக்கும். பத்தே அடி. ஒரே ஒரு தபா, அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றேன். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசர் எடை மீறிய பெட்டியை என் வண்டியில் ஏற்றும்போதெல்லாம் இதையேதான் சொல்வான். அதற்காக அவன் பரம்பரையையே திட்டியிருக்கிறேன். சுருக்கென்றும் நான் நிறுத்தவில்லை. இன்னும் நாலு தடவை கெஞ்சினேன். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு எழவும், தொல்லை விட்டால் போதும் என்று அவர் ஏற்றிவிட்டார்.

ஏறியதும் அதன் முதுகு எனக்குக் கீழே இறங்கியது. பத்தடி நடந்தது. மரத்தடியில் கால்களை அகட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதன் நடுக்கம் என் தொடையில் தெரிந்தது. யாரும் சொல்லாமலே இறங்கினேன். இறங்கிய வேகத்தில் கத்தினேன்: "தாங்காதுன்னு தெரிஞ்சும் ஏன்யா ஏத்துன?"

அவர் சேணத்தைக் கழற்றினார். முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு குதிரையை வரிசையிலிருந்து விலக்கி, வேலியோரம் கொண்டுபோய்க் கட்டினார். அன்றைக்கு அதற்குச் சவாரி இல்லையாம். அவருக்கும் வேலை இல்லை. இரண்டு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன்.

"அவரு வேணாம்னுதான சொன்னாரு நைனா" என்றாள் மகள்.

மனைவி முகமெல்லாம் பூரித்துத் திரும்பி வந்தாள். "நீயும் ஏறுனியா?" என்றாள். மகள் செல்போனை நீட்டினாள். படத்தில் குதிரையின் தலை தொங்கிப்போயிருந்தது. மேலே நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"அத்த அழிச்சிடு" என்றேன்.

"ஏன்யா? எவ்ளோ சந்தோசமா கீற பாரு" என்றாள் மனைவி.

அவள் சொன்னது பொய்யில்லை. அந்தப் பத்தடியும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.