மாமியார் சுத்தம் செய்த மேசை

அயனிக் கற்றை ஆய்வுக் கூடத்தில் அவளுக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் மாமியார். கல்யாணமே ஆகாமல் ஒரு கூடத்துக்கே மாமியாரானவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் திட்டு. திருகாணிகள் கலந்து கிடந்தால் அதற்கும் திட்டு. தகடு வைக்கும் கலத்துக்குள் ஒரு முடி விழுந்தால் அது யார் தலை முடி என்று சொல்லிவிடுவாள்.

அவர்கள் வேலை இதுதான்: லேசர் ஒரு மெல்லிய கரித் தகட்டை அடிக்கும். தகடு கொதித்து அடர்ந்த பிளாஸ்மாவாக, எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு ஓடும் நெருப்புக் குழம்பாக மாறும். அதற்குள் தெர்மாமீட்டரை விட முடியுமா? அதனால் அயனிகளை, அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்களை, பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு தாமதமாக வந்து சேர்கின்றன என்று பார்ப்பார்கள். இழந்த வேகத்தை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று அளந்துவிடலாம். குளிர்ந்த தகட்டைவிடக் கொதிக்கும் பிளாஸ்மாதான் அயனிகளை அதிகமாகப் பிடித்து இழுக்கும் என்பது அவள் கட்சி. அதை நிரூபிக்கத்தான் மூன்று வருடம் மன்றாடி இந்த வாரத்தை வாங்கியிருந்தாள். நிரூபிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று கூடத்தின் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்று கடைசி நாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தகடு ஆவியாகும். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதுவரை அடித்த அத்தனையிலும் அயனிகள் காலி ரோட்டில் போகிற மாதிரி பறந்து வந்திருந்தன. லேசருக்கும் அயனிகளுக்கும் நேரம் வைக்கும் பெட்டியில் எண்கள் என்னவோ சரியாகத்தான் இருந்தன.

"கோவிச்சுக்காதீங்க மேடம், உங்க கணக்கே தப்பா இருக்குமோ?" என்று இழுத்தார் லேசர்காரர்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. அக்கா. வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள்; தங்கைக்கு நேர் எதிர், போட்டது போட்டபடி.

"என் மேசையில ஏன்டி கை வெச்சே?"

"ஒரே குப்பையா கெடந்துச்சுக்கா. மடிச்சு அடுக்கி வெச்சேன்."

"குப்பையா? எதை முன்னாடி தைக்கணும், எதைப் பின்னாடி தைக்கணும்னு பாத்துப் பாத்துப் போட்டிருந்தேன்டி! இப்போ யாரோ சட்டையில யாரோ காலரைத் தெச்சு வெச்சிருக்கேன்! உன் சுத்தத்துல இடி விழ!"

முன்னாடி, பின்னாடி. அவளுக்குச் சுரீர் என்றது. "அக்கா, அப்புறம் திட்டு" என்று போனை வைத்துவிட்டு மேசைக்கடியில் நுழைந்தாள்.

வேலை தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம், அங்கே பாம்பு மாதிரி சுருண்டு கிடந்த நீளக் கேபிளைக் கழற்றிவிட்டு, அளவாக ஒரு குட்டைக் கேபிளை மாட்டியவள் அவளேதான். லேசருக்கு 'அடி' என்று சொல்லும் கேபிள் அது. நீளம் குறைந்தால் செய்தி சீக்கிரம் போய்விடும். மயிரிழை அளவுதான் சீக்கிரம், ஆனால் பிளாஸ்மா உயிரோடிருப்பதே அந்த மயிரிழை நேரம்தான். அயனிகள் வருவதற்குள் அது கலைந்து போயிருக்கிறது!

சத்தம் போடாமல் மாற்றி மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. கை போகவும் போனது. ஆனால் கெட்டுப்போன அளவுகளும் நல்ல அளவுகளாகக் கணக்கில் நிற்குமே? முட்டியில் தூசியோடு வெளியே வந்தாள்.

"கேபிளை மாத்தினது நான்தான். இதுவரைக்கும் அடிச்சதெல்லாம் வீண். மாமியார் உடைச்சா மண்குடம்னு விட்டுடாதீங்க, இது பொன்குடம்தான்."

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் யாரோ களுக்கென்று சிரிக்க, அப்புறம் அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

லேசர்காரர் தலையைச் சொறிந்தார். "அந்த நீளக் கேபிளைப் போட்டவன் நான் மேடம். நேரம் ஒத்து வரலைன்னு அவசரத்துக்குப் போட்டேன். சொன்னா, ஏன் லேபிள் ஒட்டலைன்னு திட்டுவீங்கன்னு வாயைத் திறக்கலை."

"இப்பவும் திட்டுவேன். முதல்ல மாட்டுங்க."

கேபிளைத் தேட வேண்டியிருக்கவில்லை. அலமாரியில் தூசி தட்டி, சுற்றிக் கட்டி, நீளம் எழுதி வைத்திருந்தாள்.

கடைசித் தகடு உள்ளே போனது. லேசர் அடித்தது. அயனிகள் வந்து சேர்வதைக் காட்டும் கோடு திரையில் தட்டையாகவே ஓடியது. வழக்கமாக மேடு எழும் இடம் வந்தது, போனது, ஒன்றுமில்லை. அதையும் தாண்டி, தள்ளி, குண்டாக ஒரு மேடு எழுந்தது.

"லேட்டு!" என்று கத்தினார் லேசர்காரர். "குளிர்ந்த தகட்டுல வர்றதைவிட லேட்டு மேடம்!"

கூடத்தைப் பூட்ட வந்த தலைவர் வாசலிலேயே நின்று திரையைப் பார்த்தார். உள்ளே வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒரு அடியை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். "அடுத்த மாசம் எத்தனை நாள் வேணும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் லேசர்காரர் முந்திக்கொண்டார்.

"ஒரு வாரம் குடுங்க சார். எந்தக் கேபிள்லயும் கை வைக்காம மேடத்தை நாங்க பிடிச்சு வெச்சுக்கறோம்."