அலுவலகக் கணினியில் விட்டுவந்த நிரல்

"ஏளா, கண்டெய்னர் நம்பர் அடிக்கதுக்கா நாலு வருசம் காலேஜ் போன?" என்றார், துறைமுகத்தில் சுமை தூக்கும் அப்பா. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்.

கப்பல் சரக்கு அலுவலகத்தில், தவறு வராமலிருக்க ஒரே கண்டெய்னர் எண் பட்டியலை இருவராகத் தனித்தனியே தட்டச்சு செய்து ஒப்பிடுவோம். தவறான எண்ணைத் தானே கண்டுபிடிக்கும் நிரலை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் பாராட்டினார். அடுத்த வாரமே, "இனிமே ரெண்டு ஆளு எதுக்கு?" என்று என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

சென்னை நேர்காணலில் அந்த நிரலைக் காட்டச் சொன்னார்கள். பிரதி எடுத்துவைக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"எழுதினேன்னு எல்லாரும்தான் சொல்றாங்கம்மா" என்றார் கேள்வி கேட்டவர்.

அதன்பின் எங்கிருந்தும் அழைப்பில்லை; வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் நான் எழுதவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. தோழியின் மடிக்கணினியில் அதை முதலிலிருந்து எழுதி, நேற்று என் பெயரில் இணையத்தில் ஏற்றிவிட்டேன்.