ஞானமணி என்று வாசித்தேன்

எழுத்துகள் கோணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கின்றன. மூட்டை தூக்கிய கைக்குப் பேனா பழக நாளாகிறது. கொழும்பு கொட்டாஞ்சேனை மாலை வகுப்பில் என்னோடு படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற செவ்வாய்க்கிழமை தேநீர்க் கடைக்கு எதிரே, மின்கம்பத்தில் ஒரு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டினேன். 'ஞா'வை நான் எப்போதும் தவறவிடுவேன். அன்று தவறவில்லை.

"ஞா… ன… ம… ணி! ஞா வந்திருச்சி!" என்று கத்தினேன்.

"ஹரி ஹரி சீயா, இனி பேப்பரும் வாசிக்கலாம்!" என்று சிங்களக் கடைக்காரர் சிரித்தார். 'சரி சரி தாத்தா' என்கிறார். நானும் சிரித்தேன். நம் வகுப்புப் பாக்கியம் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"கத்தாதேங்கோ ஐயா. அது எங்கட டீச்சர்."

டீச்சரின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வருடம் படித்தும் நான் கேட்கவில்லை.

அவரோ, சோதனைச் சாவடியில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்த நாளிலும், முதலில் எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மூட்டை தூக்கும் கடையில், கூலியாளைக் கூப்பிடும் "டேய் நாட்டாமி" என்றே கேட்டுப் பழகிய நான், முதல் நாள் "ராமையா" என்றதும் வேறு யாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அவர் மலையகத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபோது வந்த பழக்கமாம். அங்கே முதலாம் வகுப்பில் உட்கார இடமிருக்காது. ஐந்தாம் வகுப்பில் வாங்குகள் வெறுமையாகக் கிடக்கும். ஒரு பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, ஒன்றுக்குக் காலில் போடச் சப்பாத்து இல்லை, மற்றது கொழும்பில், வெள்ளவத்தையில் யார் வீட்டுச் சமையலறையிலோ வேலைக்கு. டீச்சர் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசல்களில் நின்று கூப்பிடுவாராம். "பேரைச் சொன்னா பிள்ளை வரும். 'ஏய்'னா வேலைக்காரிதான் வருவா" என்பார்.

பேத்தி காமாட்சியைக் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்த்துவிடும்படி தோட்டத்திலிருந்து என் மகன் சொல்லியனுப்பினான். நான் அதை வகுப்பில் பெருமையாகச் சொன்னேன்.

"நல்ல எடம் டீச்சர். மூணு வேளையும் சோறு."

"அங்க அவளை என்னன்னு கூப்பிடுவாங்க, ராமையா?"

அந்த வாரமே, "பிள்ளையை அனுப்பாதே, படிக்கட்டும்" என்று மகனுக்கு என் கையால் எழுதினேன். காமாட்சி இன்று டவுன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு.

டீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்த 'ஞா'. அதை அவருடைய மரண அறிவித்தலில் கண்டுபிடித்து நடுத்தெருவில் சிரித்தேன். வாசித்த சந்தோஷம் இன்னும் போகவில்லை. அதுதான் கூடுதல் வெட்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காமாட்சிக்கு எழுதுவேன். அவளுக்கும் அந்தப் பெயர் தெரியாது. முதல் வரியில் அதை எழுதுவேன்: ஞானமணி.